ஊரைப் பிரித்தது தேர்தல் அல்ல

“சாதியும் மதமும் வீட்டு வாசலோடு நிற்கட்டும், அரசியலுக்குள் வேண்டாம்.” தொலைக்காட்சி விவாதத்தில் ஒருவர் இப்படிச் சொன்னால் எதிரணியில் இருப்பவரும் தலையாட்டுகிறார். கிராமத்தில் இதற்கு இன்னும் உருக்கமான வடிவம் உண்டு: “ஊருக்குள்ள எல்லாரும் அண்ணன் தம்பியாத்தான் இருந்தோம். ஓட்டு வந்துச்சு, கட்சி வந்துச்சு, ரிசர்வேஷன் வந்துச்சு, ஊரு ரெண்டாப் போச்சு.” படித்தவர்கள் இதற்கு அடையாள அரசியல் என்று பெயர் வைத்து, அது ஜனநாயகத்தை அரித்துவிட்டதாக எழுதுகிறார்கள். சாதி, மதம், ஆண் பெண் என்ற பேச்சையெல்லாம் ஒதுக்கிவிட்டு வளர்ச்சியை மட்டும் பார்த்து வாக்களித்தால் நாடு உருப்படும் என்று முடிக்கிறார்கள்.

இப்படிச் சொல்பவர்களில் நல்லெண்ணம் கொண்டவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஆனாலும் இந்தக் கருத்து தவறு. நடந்த வரலாற்றோடு இது ஒத்துப்போகவில்லை. நடைமுறையிலோ, ஏற்கெனவே நாற்காலியில் உட்கார்ந்திருப்பவருக்கே ஒவ்வொரு முறையும் இது துணைபோகிறது.

“ரெண்டாப் போச்சு” என்று சொல்லப்படும் ஊரையே முதலில் எடுத்துக்கொள்வோம். மதுரை மாவட்டத்தில் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம். விருதுநகர் மாவட்டத்தில் கொட்டக்கச்சியேந்தல். 73-ஆவது அரசியல் சட்டத் திருத்தத்தை ஒட்டி 1996-ல் தமிழ்நாட்டில் உள்ளாட்சித் தேர்தல் வந்தபோது இந்த நான்கு ஊராட்சிகளின் தலைவர் பதவியும் பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டது. அடுத்த பத்தாண்டுகள் அங்கே தலைவர் என்று ஒருவர் நிலைத்து உட்காரவே முடியவில்லை. தேர்தல் அறிவிப்பு வரும், மனுத்தாக்கல் செய்ய ஆள் வராது. அல்லது ஊர்ப் பெரியவர்களே தங்கள் சொல் கேட்கும் ஒரு தலித்தை நிறுத்துவார்கள். அவர் ஜெயித்துப் பதவியேற்ற கையோடு ராஜினாமாக் கடிதம் கொடுத்துவிடுவார். மறுபடியும் அறிவிப்பு, மறுபடியும் அதே கதை.

அந்தப் பத்தாண்டுகளில் பெரும்பாலும் அந்த ஊர்களுக்குள் சாதி அரசியல் தெரியவில்லை. சாதிக்கொரு வேட்பாளர் இல்லை, கொடி இல்லை, சுவரெழுத்துச் சண்டை இல்லை. அரசியலுக்குள் சாதியைக் கொண்டுவராதே என்று சொல்பவர்கள் கேட்கும் அமைதி முழுசாக நிலவியது. அந்த அமைதி எதனால் வந்தது? மனுத்தாக்கல் செய்ய நினைப்பவர் நாளைக்குக் காலையில் யாருடைய காட்டில் கூலிக்குப் போவார், யாருடைய கடையில் கடனுக்கு அரிசி வாங்குவார், எந்தத் தெரு வழியாகத் தன் வீட்டுச் சாவைச் சுடுகாட்டுக்கு எடுத்துப்போவார் என்பதையெல்லாம் ஒரே தரப்பு முடிவுசெய்ததால் வந்தது. ஊர் இரண்டாக இருந்தது. ஒரு பாதிக்குப் பேச வாய் இல்லை என்பதால் ஒன்றாகத் தெரிந்தது.

2006 அக்டோபரில்தான் அங்கே முறையான தேர்தல் நடந்தது. அப்போதைய மதுரை ஆட்சியர் உதயச்சந்திரன் ஊர் ஊராகப் போய்ப் பேசினார். மாநில அரசு உறுதியாக நின்றது. தலித் இயக்கங்களும் இடதுசாரிகளும் ஆண்டுக்கணக்கில் போராடியிருந்தார்கள். சாதியைப் பேசாமல் விட்டிருந்தால் இதில் எதுவும் நடந்திருக்காது. பேசினார்கள், சண்டை போட்டார்கள், அதனால்தான் நாற்காலி நிரம்பியது. 2021 காந்தி ஜெயந்தியன்று அதே பாப்பாபட்டியில் முதலமைச்சரே கிராம சபையில் உட்கார முடிந்ததற்குப் பின்னால் அந்தப் பத்தாண்டுச் சண்டை இருக்கிறது.

இங்கே இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். மதுரை மாவட்டத்து அந்த ஊர்கள் இருக்கும் உசிலம்பட்டி வட்டாரத்தில் தலித் தலைவரைத் தடுத்த பிரமலைக் கள்ளர் சமூகமே ஒரு காலத்தில் குற்றப்பரம்பரைச் சட்டத்தில் கைரேகை வைத்துக் கிடந்த சமூகம். 1920 ஏப்ரல் 3-ஆம் தேதி பெருங்காமநல்லூரில் அந்தச் சட்டத்தை எதிர்த்து நின்றவர்கள் மீது போலீஸ் சுட்டது. 1947-ல் சென்னை மாகாணத்தில் அந்தச் சட்டம் ஒழிந்ததும் அரசியலால்தான். சாதிப் பெயரைச் சொல்லி, இந்தச் சாதியில் பிறந்தவனெல்லாம் குற்றவாளியா என்று கேட்ட அரசியலால். தன் மீது சுமத்தப்பட்ட இழிவை நீக்க ஒரு சமூகம் பயன்படுத்திய வழியை அடுத்த தெருக்காரர் பயன்படுத்தும்போது மட்டும் ஊர் பிளவுபடுகிறதா?

மேலூர் பக்கத்து மேலவளவில் விலை இன்னும் கொடியது. அங்கேயும் 1996-ல் தலைவர் பதவி ஒதுக்கப்பட்டது. எதிர்ப்பை மீறி நின்று ஜெயித்தார் முருகேசன். 1997 ஜூன் 30-ஆம் தேதி, பேருந்தில் ஊர் திரும்பிக்கொண்டிருந்த அவரையும் உடன் வந்தவர்களையும் பட்டப்பகலில் மறித்து வெட்டிக் கொன்றார்கள். முருகேசன் யாருடைய நிலத்தையும் பிடுங்கவில்லை, யார் மீதும் கை வைக்கவில்லை. ஒரு பதவியில் உட்கார்ந்தார், அவ்வளவுதான். அதற்கே தலையை எடுக்கும் அளவுக்கு வெறி எங்கிருந்து வந்தது? தேர்தல் விதைத்தது என்று யாராவது சொன்னால், அவர் அந்த ஊரின் ஆயிரம் வருடத்தை மறைத்துவிட்டு ஆறு மாதத்தை மட்டும் காட்டுகிறார்.

இன்றைய நிலைக்கு வருவோம். ஊராட்சி மன்ற அலுவலகத்தில் ஒரு மேசை, சுழலும் நாற்காலி ஒன்று, பக்கத்தில் நாலைந்து பிளாஸ்டிக் நாற்காலிகள். 2020-ல் கடலூர் மாவட்டம் தெற்குத் திட்டையில் எடுக்கப்பட்ட ஒரு படம் நாடு முழுக்கப் பரவியது. மற்றவர்கள் நாற்காலியில், ஊராட்சித் தலைவரான தலித் பெண் தரையில். அதே ஆண்டு சுதந்திர தினத்தன்று திருவள்ளூர் மாவட்டம் ஆத்துப்பாக்கத்தில் தலித் பெண் தலைவர் கொடியேற்ற விடாமல் தடுக்கப்பட்டார். சில நாள் கழித்து ஆட்சியரே வந்து அவரைக் கொடியேற்ற வைத்தார். 2022-ல் தலைமைச் செயலாளர் இறையன்பு, பட்டியல் சாதித் தலைவர்கள் கொடியேற்றுவதை உறுதிசெய்யும்படி எல்லா ஆட்சியர்களுக்கும் கடிதம் எழுத வேண்டியிருந்தது.

கேமராவில் விழாத தரை ஒன்றும் இருக்கிறது. ஊராட்சிப் பணம் எடுக்கத் தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்து கையெழுத்திட வேண்டும். தலைவர் பதவிக்கு ஒதுக்கீடு உண்டு. துணைத் தலைவரை வார்டு உறுப்பினர்கள் தங்களுக்குள் தேர்ந்தெடுக்கிறார்கள், அதற்கு ஒதுக்கீடு கிடையாது. ஊரின் ஆதிக்க சாதி அந்தத் துணைத் தலைவர் பதவியைப் பிடித்துக்கொண்டு கையெழுத்துப் போட மறுத்தால் போதும். தெருவிளக்கு எரியாது, மோட்டார் ரிப்பேர் பார்க்க முடியாது, தூய்மைப் பணியாளருக்குச் சம்பளம் நிற்கும். ஆறு மாதத்தில் ஊரே சொல்லும்: “ரிசர்வேஷன்ல வந்தவங்களுக்கு நிர்வாகம் தெரியல.” வளர்ச்சியை மட்டும் பார்த்து வாக்களியுங்கள் என்பவர்கள் இந்தக் கையெழுத்தைப் பார்க்க வேண்டும். அந்த ஊரில் வளர்ச்சி நின்றதற்குக் காரணமே சாதிதான். சாதியைப் பேசாமல் அந்த மோட்டாரை எப்படி ஓட வைப்பீர்கள்?

சாதியைப் பேசினால் பிளவு வரும் என்ற குற்றச்சாட்டு புதியதும் அல்ல. 1916 டிசம்பரில் பிட்டி தியாகராயர் வெளியிட்ட பிராமணரல்லாதார் அறிக்கை சில எண்களைத்தான் அடுக்கிக் காட்டியது. சென்னை மாகாணத்தின் நிரந்தர மாவட்ட முன்சீப்புகள் 128 பேரில் 93 பேர் பிராமணர்கள் என்றது. உடனே வந்த பதில்: அந்த அறிக்கையை ஒட்டி எழுந்த நீதிக்கட்சி வகுப்புவாதக் கட்சி, தேசியத்தைப் பிளக்கிறது. 93 பேர் உட்கார்ந்திருந்தபோது தேசியம் பிளவுபடவில்லை, அதை எண்ணிச் சொன்னபோது பிளந்துவிட்டது! 1928-ல் அமைச்சர் முத்தையா முதலியார் காலத்தில் நடைமுறைக்கு வந்த வகுப்புவாரி ஆணை வேலைகளைப் பன்னிரண்டு பங்காக்கியது. பிராமணரல்லாத இந்துக்களுக்கு ஐந்து, பிராமணருக்கு இரண்டு, முஸ்லிம்களுக்கு இரண்டு, கிறிஸ்தவர்களுக்கும் ஆங்கிலோ இந்தியர்களுக்கும் இரண்டு, தாழ்த்தப்பட்டோருக்கு ஒன்று. தாழ்த்தப்பட்டோருக்குக் கிடைத்தது அவர்கள் எண்ணிக்கைக்கு மிகக் குறைவு. அந்த ஆணையின் வெட்கக்கேடு அது. ஆனால் எல்லா மதத்துக்கும் சாதிக்கும் பங்கு உண்டு என்று ஒரு அரசாங்கம் எழுத்தில் ஒப்புக்கொண்டது. செண்பகம் துரைராஜன் வழக்கில் 1951 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் கல்லூரிச் சேர்க்கையில் இதே வகுப்புவாரி முறையைச் செல்லாது என்றபோது தமிழ்நாடு தெருவுக்கு வந்தது. இரண்டே மாதத்தில் அரசியல் சட்டத்தின் முதல் திருத்தம் நிறைவேறியது. அன்று சாதியைப் பேசிய அரசியல், சட்டத்தை எரிக்கவில்லை, அதில் ஒரு உட்பிரிவைச் சேர்த்தது. ஜனநாயகம் இப்படித்தான் வளர்கிறது.

“சரி, சாதியை விட்டுவிட்டு ஏழ்மையை அளவுகோலாக வைக்கலாமே” என்பார்கள். தமிழ்நாடு அதையும் பார்த்துவிட்டது. 1979-ல் எம்.ஜி.ஆர். ஆட்சி, ஆண்டு வருமானம் 9,000 ரூபாய்க்கு மேல் உள்ள பிற்படுத்தப்பட்டோருக்கு இடஒதுக்கீடு இல்லை என்று ஆணை போட்டது. கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கும். அடுத்த ஜனவரியில் மக்களவைத் தேர்தல், அ.தி.மு.க. இரண்டே இடங்களில் வென்றது. அந்த ஆணை மட்டும்தான் காரணம் என்று சொல்ல மாட்டேன், கூட்டணிக் கணக்கும் இருந்தது. ஆனால் எம்.ஜி.ஆர். என்ன புரிந்துகொண்டார் என்பதில் சந்தேகமில்லை. வருமான வரம்பை நீக்கினார், பிற்படுத்தப்பட்டோர் ஒதுக்கீட்டை 31 விழுக்காட்டிலிருந்து 50 ஆக்கினார். மக்களின் மனதில் பெருந்தலைவனாக இருந்தவரையே ஓட்டு திருத்தியது. சாதி பார்த்து ஓட்டுப் போட்டார்கள் என்று இதை இகழலாம். தங்களுக்குத் தெரிந்த ஒரு உண்மையைச் சொன்னார்கள் என்றே நான் சொல்வேன்: பிற்படுத்தப்பட்ட வீட்டில் முதல் தலைமுறையாக ஒரு குமாஸ்தா சம்பளம் வந்துவிட்டதாலேயே கல்லூரி வாசலில் நிற்கும் சாதி விலகிவிடுவதில்லை.

மறுதரப்பின் வலுவான வாதத்தைத் தட்டிக்கழிக்கக் கூடாது. சாதியைச் சொல்லி ஓட்டுக் கேட்ட அரசியல் சேரிகளை எரித்திருக்கிறது. 2012 நவம்பரில் தருமபுரி நத்தம் காலனியில், கலப்பு மணம் ஒன்றைக் காரணமாக வைத்து நூற்றுக்கணக்கான வீடுகளைச் சூறையாடி எரித்தார்கள். அதற்கு முன்பே மேடைகளில் தலித் இளைஞர்களின் காதலுக்கு எதிரான பேச்சு நடந்துகொண்டிருந்தது. கடல் தாண்டிப் பார்த்தால் 1956-ல் இலங்கையில் சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்ற சட்டத்தைக் கொண்டுவந்ததும் ஓட்டு வாங்கிய அரசாங்கம்தான். பெரும்பான்மை எப்போதும் பெரும்பான்மையாகவே இருக்கும் நாட்டில், எண்ணிக்கை மட்டுமே நியாயமாகிவிட்டால் என்ன நேரும் என்பதை ஈழத்தமிழர் சொல்லி நாம் கேட்டிருக்கிறோம்.

ஆனால் இவற்றையும் முருகேசன் வேட்புமனு கொடுத்ததையும் ஒரே பட்டியலில் போடுவது பெரும் அநீதி. ஒரு அரசியல் பங்கு கேட்கிறது. இன்னொன்று உயரத்தைக் காப்பாற்றப் பார்க்கிறது. ஒன்று, நாங்களும் இங்கே இருக்கிறோம் என்கிறது. மற்றது, நீங்கள் இங்கே இருக்கக் கூடாது என்கிறது. இரண்டுக்கும் சாதி அரசியல் என்ற ஒரே பெயரைச் சூட்டி இரண்டையும் ஒரே மூச்சில் கண்டிக்கும் நடுநிலையாளர், அடித்தவரையும் அடிபட்டவரையும் சேர்த்து எச்சரிக்கும் ஏட்டையா போலத்தான் நடந்துகொள்கிறார். நத்தம் காலனியை எரித்தவர்களைத் தண்டிக்க வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் வேண்டும். அந்தச் சட்டமே சாதியைப் பெயர் சொல்லித்தான் எழுதப்பட்டிருக்கிறது.

பங்கு கேட்கும் அரசியல் தன்னையும் விட்டுவைப்பதில்லை. பட்டியல் சாதிகளுக்குள் அருந்ததியருக்கு உரிய இடம் கிடைக்கவில்லை என்ற குரல் எழுந்தது. 2009-ல் மூன்று விழுக்காடு உள் ஒதுக்கீடு வந்தது. தலித் ஒற்றுமை சிதறும் என்ற எச்சரிக்கை அப்போதும் கேட்டது, ஊர் ஒற்றுமை சிதறும் என்ற அதே தொனியில். 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு, உள் ஒதுக்கீடு செய்ய மாநிலங்களுக்கு அதிகாரம் உண்டு என்றது. மலம் அள்ளும் வேலையைத் தலைமுறை தலைமுறையாகச் செய்ய வைக்கப்பட்ட மக்களின் பிள்ளை மருத்துவக் கல்லூரியில் சேர்வதைவிடப் பெரிதாக எந்த ஒற்றுமையையும் நான் நினைக்கவில்லை.

மதத்துக்கு வருவோம். அரசியலில் மதம் கூடாது என்று முழங்குபவர்கள், 1950-ஆம் ஆண்டின் பட்டியல் சாதிகள் ஆணையின் மூன்றாவது பத்தியைப் படிக்க வேண்டும். இந்து அல்லாதவர் பட்டியல் சாதியினர் ஆகமாட்டார் என்றது அது. 1956-ல் சீக்கியரையும் 1990-ல் பௌத்தரையும் சேர்த்தார்கள். கிறிஸ்தவ தலித்தும் முஸ்லிம் தலித்தும் இன்றுவரை வெளியே நிற்கிறார்கள். கல்லறையிலும் சுவர் எழுப்பிய தேவாலயங்கள் தமிழ்நாட்டில் உண்டு. சேரியில் குடியிருக்கும் கிறிஸ்தவரை ஊர் தலித்தாகவே நடத்துகிறது. ஒதுக்கப்பட்ட ஊராட்சியில் அவர் மனுக் கொடுக்கப் போனால் சட்டம் மட்டும் நீ தலித் இல்லை என்கிறது. அரசே மதம் பார்த்து உரிமையைப் பிரித்துவைத்திருக்க, அதை எதிர்த்துப் பேசுவது எப்படி மதவாதமாகும்?

2017 ஜனவரியில் அபிராம் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம், வேட்பாளரின் சாதி மதம் மட்டுமல்லாமல் வாக்காளரின் சாதி மதத்தைச் சொல்லி ஓட்டுக் கேட்பதும் முறைகேடு என்று நான்குக்கு மூன்று என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. மூவரின் சிறுபான்மைத் தீர்ப்பை எழுதியவர் நீதிபதி சந்திரசூட். சாதியாலும் மதத்தாலும் மொழியாலும் மக்கள் பட்ட அநீதியைப் பேசுவதைத் தடுத்தால் ஜனநாயகமே வெறும் கூடாகிவிடும் என்பது அந்த மூவரின் கவலை. என் பார்வையில் அந்த மூவர் சொன்னதே சரி. மதப்பகையை மூட்டுபவர் சட்டத்தின் சந்துபொந்துகளில் எப்படியும் தப்பிவிடுகிறார். அடிபட்டவர் தன் அடியைச் சொல்ல முடியாமல் மாட்டிக்கொள்கிறார்.

பெண்கள் விஷயத்தில் இதே வாதம் வேறு உடையில் வருகிறது: “பேருக்குத்தான் பொம்பளை தலைவர், எல்லாம் அவங்க வீட்டுக்காரர்தான் பார்க்கிறார்.” பல ஊர்களில் அப்படி நடப்பது உண்மை. ஆனால் அதைச் சொல்லி ஒதுக்கீட்டையே பயனற்றது என்று முடிவுகட்டுபவர்களிடம் இரண்டு ஆய்வுகளைக் காட்டுவேன். 2004-ல் ராகவேந்திர சட்டோபாத்யாயும் எஸ்தர் டஃப்ளோவும் வெளியிட்ட ஆய்வு மேற்கு வங்கத்திலும் ராஜஸ்தானிலும் ஊராட்சிகளை ஒப்பிட்டது. பெண்களுக்கு ஒதுக்கப்பட்ட ஊராட்சிகள் குடிநீருக்குக் கூடுதலாகச் செலவிட்டன. அந்தந்த ஊர்ப் பெண்கள் அதிகம் புகார் சொன்னதும் குடிநீரைப் பற்றித்தான். மும்பை மாநகராட்சி வார்டுகளை ஆராய்ந்த ரிகில் பாவ்நானி 2009-ல் எழுதியது இன்னும் முக்கியம். முந்தைய தேர்தலில் பெண்களுக்கு ஒதுக்கப்பட்டிருந்த வார்டில், ஒதுக்கீடு நீங்கிய பிறகும் ஒரு பெண் ஜெயிக்கும் வாய்ப்பு மற்ற வார்டுகளைப்போல ஏறக்குறைய ஐந்து மடங்கு இருந்தது. ஒருமுறை உட்கார வைத்தால் அடுத்தமுறை தானாக உட்காருகிறார்கள்.

ஒதுக்கீடு இல்லாத இடத்தில் என்ன நடக்கிறது? 2021 சட்டமன்றத் தேர்தலில் தமிழ்நாடு தேர்ந்தெடுத்த 234 பேரில் பெண்கள் 12 பேர். 1921-லேயே பெண்களுக்கு ஓட்டுரிமை தந்த மாகாணம், முத்துலட்சுமி ரெட்டியைச் சட்டமன்றத் துணைத்தலைவராக ஆக்கிய மாகாணம், நூறு வருடம் கழித்து நிற்கும் இடம் இது. ஆண் பெண் பேதம் பார்க்காத அரசியல் வேண்டும் என்பவர்களுக்கு இதைவிடத் தெளிவான விடை கிடைக்காது: பேதத்தைப் பார்க்காமல் டிக்கெட் கொடுத்தால் 222 ஆண்கள் வருவார்கள். 2023-ல் நாடாளுமன்றம் மூன்றில் ஒரு பங்கு ஒதுக்கீட்டை நிறைவேற்றியபோதும், மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் தொகுதி மறுவரையறையும் முடிந்த பிறகுதான் என்று பூட்டுப் போட்டே நிறைவேற்றியது.

சாதியை எண்ணிப் பார்க்கவே பயப்பட்டார்கள். 1931-க்குப் பிறகு நாடு முழுக்கச் சாதிகளைக் கணக்கெடுத்து முழுமையாக வெளியிட்டதில்லை. எண்ணினால் சாதி வளரும் என்பார்கள். எண்ணாத இந்தத் தொண்ணூறு சொச்ச வருடத்தில் அது தேய்ந்ததா? 2022-ல் வன்னியருக்கான 10.5 விழுக்காடு உள் ஒதுக்கீட்டை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தபோது சொன்ன முக்கியக் காரணம், போதுமான புதிய தரவு இல்லை என்பது. எண்ணாதே என்று ஒரு கை தடுத்தது, எண்ணிக்கை எங்கே என்று இன்னொரு கை திருப்பி அனுப்பியது. 2025 ஏப்ரலில் மத்திய அமைச்சரவை வரும் கணக்கெடுப்பில் சாதியும் சேரும் என்று அறிவித்தது. அதுவும் பிகார் 2023-ல் தானே எண்ணி வெளியிட்ட பிறகு, தேர்தல் அரசியலின் நெருக்குதலில் வந்த அறிவிப்புதான்.

அரசியலே இல்லாத ஊர் எப்படி இருக்கும் என்று பார்க்க விரும்புபவர்களுக்கு ஒன்றைச் சொல்கிறேன். 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு தமிழ்நாட்டில் 28 மாவட்டங்களின் ஊரக உள்ளாட்சிப் பிரதிநிதிகளின் பதவிக்காலம் முடிந்தது. முடிவதற்குள் தேர்தல் நடத்தப்படவில்லை. தனி அலுவலர்கள் பொறுப்பேற்றார்கள். 2016-க்குப் பிறகு மூன்று ஆண்டுகளும் இதே நிலைதான் இருந்தது. அப்படி இறக்கிவிடப்பட்ட ஊராட்சித் தலைவர்களில் பாதிப் பேராவது பெண்கள். மக்கள்தொகைக்கு ஏற்ற பங்கில் தலித்துகள். சட்டமன்றத்தில் அவர்களில் மிகச் சிலருக்கே இடம் கிடைக்கும், எந்தக் கட்சியும் அவர்களை மாவட்டச் செயலாளர் ஆக்கிவிடப் போவதில்லை. பெரும்பாலோருக்குக் கிடைத்த ஒரே நாற்காலி அதுதான். நாற்காலி காலியானதும் ஊரில் பழைய ஆட்கள் வழக்கம்போல முடிவெடுக்கிறார்கள். அவர்களுக்குத் தேர்தலும் பதவியும் எப்போதுமே தேவைப்பட்டதில்லை. உள்ளாட்சித் தேர்தலை உரிய காலத்தில் நடத்த வேண்டும். துணைத் தலைவரின் கையெழுத்து இல்லாமலே பட்டியல் சாதித் தலைவர் தன் ஊராட்சிப் பணத்தைச் செலவிடும்படி சட்டத்தைத் திருத்த வேண்டும்.